இடது தோளில் வைத்த ரைபிள்

நான் ஒரு சந்தேகப் பிராணி. கல்யாணமான மூன்றாவது மாதமே என் வீட்டுக்காரர் இதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். பெரிய கண்டுபிடிப்புதான்! அதற்கு முன்பிருந்தே நான் சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன். திருவெறும்பூர் பக்கம் பாய்லர் பாகங்கள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் முப்பது வருஷத்துக்கு மேல் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. பெரிய இரும்புத் தகட்டில் ஒரு நம்பர் இருக்கும். தகட்டை வெட்டுமுன் அந்த நம்பரை ஒவ்வொரு துண்டிலும் பஞ்ச் வைத்து அடித்துவிட வேண்டும். நம் ஆட்கள் முதலில் வெட்டிவிடுவார்கள். அப்புறம் ஞாபகத்தில் இருக்கிற நம்பரை அடிப்பார்கள். பழைய நம்பரைத் தேய்த்துவிட்டு அதன்மேலேயே இன்னொன்றை அடிக்கிற சாமர்த்தியசாலிகளும் உண்டு. அதில் சாக்பீஸைத் தேய்த்து, துடைத்து, பள்ளத்தில் தங்கிய வெள்ளையைப் பார்த்து, இது அசல், இது தில்லுமுல்லு என்று சொல்ல வேண்டும். ரிட்டயர் ஆன பிறகும் என் கைப்பையில் ஒரு சாக்பீஸ் கிடக்கும். பழக்க தோஷம்.

அதனால்தான் துப்பாக்கி வாங்க வேண்டும் என்றதும் தம்பி என்னைக் கூப்பிட்டான். இரும்புச் சாமான் எதுவானாலும் எங்கள் குடும்பத்தில் அது என் தலையில்தான் விழும். அவன் உப்பிலியபுரத்தைத் தாண்டி, பச்சைமலை அடிவாரத்தில் எங்கள் மூன்று ஏக்கரைப் பார்த்துக்கொள்கிறான். என்னைவிட நான்கு வயது இளையவன். ஐம்பத்தாறு ஆகிறது, நான் இன்னும் டா போட்டுத்தான் பேசுகிறேன். மரவள்ளியும் மக்காச்சோளமும் போடுகிறான். பாதியைக் காட்டுப்பன்றி எடுத்துக்கொள்கிறது. போன வருஷம் ஒரே வாரத்தில் முக்கால் ஏக்கர் கிழங்கைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போனது.

பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் கேட்டு மனு போட்டான். போலீஸ் விசாரணை, வனத்துறை விசாரணை, டாக்டர் சர்டிபிகேட் என்று அலைந்து, மூன்றாவது வருஷம் அனுமதி வந்தது. டாக்டர் சர்டிபிகேட்டுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனபோது நானும் துணைக்குப் போயிருந்தேன். கண் பரிசோதனை அறையில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, வாசலில் நின்ற கிளார்க் எப்போது கையை நீட்டப் போகிறான் என்று அவனையே முறைத்துக்கொண்டிருந்தேன். அவன் கடைசிவரை நீட்டவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

அனுமதி வந்தால் மட்டும் போதாது. அதில் போட்டிருக்கிற கெடுவுக்குள் துப்பாக்கியை வாங்கிப் பதிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மூன்று வருஷ அலைச்சலும் வீண். கெடு முடிய இரண்டு மாதம் இருந்தது. இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பன்றியைச் சுட்டுத் தள்ளுகிற உரிமை எங்களுக்குக் கிடையாது. வேட்டை என்ற வார்த்தையை ஆபீஸில் வாய்தவறிக்கூடச் சொல்லிவிடாதே என்று தம்பிக்கு நூறு தடவை சொல்லியிருந்தேன். வெடித்து விரட்டலாம், அவ்வளவுதான்.

டவுனில் துப்பாக்கிக் கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரர் வாய் நிறைய அம்மா, அம்மா என்றார். அதிகமாக அம்மா போடுகிறவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு கண் உண்டு. அவர் முதலில் ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கியை எடுத்து வைத்தார். பயிர் காவலுக்கு எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள், சிதறுகிற ரவை, வானத்தைப் பார்த்து வெடித்தாலும் தூரம் போய் ஆபத்து செய்யாது என்றார். எனக்குச் சரியாகத்தான் பட்டது. நான் சுவரில் மாட்டியிருந்த அவருடைய கடை லைசென்ஸில் தேதி பார்க்கத் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் தம்பி, துப்பாக்கியின் கட்டை கன்னத்தில் இடிக்கிறது என்று சொல்வது கேட்டது. எல்லாருக்கும் சரியாகத்தான் இருக்கும், வலது தோளில் வைக்கத் தோதாகக் கட்டையை வலப்பக்கமாக லேசாக ஒதுக்கித்தானே செய்திருக்கிறார்கள் என்றார் கடைக்காரர். நான் திரும்புவதற்குள் தம்பி துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டான். ரொம்ப நீளம், மொபெட்டில் வைத்துப் போக முடியாது, வயலில் காவல் பரணில் ஏற முடியாது என்று வேறு காரணங்களை அடுக்கினான்.

அடுத்து ஒரு ரைபிள் வந்தது. வலப்பக்கத்தில் ஒரு கைப்பிடி; அதைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி ஒவ்வொரு குண்டாக ஏற்ற வேண்டும். தம்பி அந்தக் கைப்பிடியைத் தப்பும் தவறுமாக இரண்டு தடவை இழுத்தான். டிராக்டரைப் பிரித்து மாட்டுகிறவன், ஒரு கைப்பிடிக்கு இப்படித் திணறுகிறானே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. இதுவும் ஒத்துவராது என்றான். பிறகு தானாகவே கடைக்காரரிடம் கேட்டான்.

"குட்டையா ஒண்ணு வருமே. கீழ விரல் விடற வளையம் இருக்கும், அதை இறக்கி ஏத்தினா குண்டு ஏறும். அது இருக்குங்களா?"

கடைக்காரர் முகம் மலர்ந்தது. லிவர் வைத்த ரைபிளா, அது புதிதாக இங்கே கிடைப்பது கஷ்டம், ஆனால் ஶ்ரீரங்கத்தில் ஒரு பெரியவரிடம் பழையது ஒன்று இருக்கிறது, லைசென்ஸோடு வைத்திருக்கிறார், நல்ல இடமாகப் பார்த்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் என்றார். ஆகா, சொல்லிவைத்த மாதிரி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். இவன் கேட்பதும் அவர் சொல்வதும் ஏற்கெனவே பேசி முடித்த விஷயமோ?

வெளியே வந்ததும் தம்பியைப் பிடித்துக்கொண்டேன். இது உனக்கு எப்படித் தெரியும் என்றால், போனில் பார்த்தேன் என்கிறான். வெளிநாட்டுப் பண்ணைகளில் குதிரை மேல் போகிறவர்கள் இதைத்தான் வைத்திருக்கிறார்களாம். மாடு மேய்க்கவும் ஆகுமாம், ஓநாய் விரட்டவும் ஆகுமாம். நம்மிடம் இருப்பது இரண்டு எருமையும் ஒரு மொபெட்டும்தானடா என்றேன். சிரித்தான். சிரிப்பில் உயிர் இல்லை.

வீட்டுக்கு வந்து யோசிக்க ஆரம்பித்தேன். ரைபிள் குண்டு சிதறாது. ஒரே குண்டு, எங்கேயோ தூரத்தில் போய் விழும். வானத்தைப் பார்த்து வெடிக்க அது எதற்கு? அது குறி வைப்பதற்கு உள்ள சாமான். அதுவும் குட்டையானது, துண்டுக்குள் மறைக்கலாம். யாரைக் குறி வைக்க? எங்கள் வயலுக்குக் கிழக்கே ஒரு பங்காளி இருக்கிறான். வரப்பை வருஷத்துக்கு ஒரு சாண் வெட்டித் தள்ளுகிறவன். ஒரு நாள் இருக்கு அவனுக்கு என்று தம்பி போனில் என்னிடமே சொல்லியிருக்கிறான். போதாததற்கு, ஒரு வருஷமாக அவனுடைய போக்கும் சரியில்லை. முன்பெல்லாம் ஊரிலிருந்து எடமலைப்பட்டி புதூரில் என் வீட்டு வாசல்வரை மொபெட்டிலேயே வருவான். இப்போது பஸ். கேட்டால் முதுகு வலி. இடையில் ஒரு மாதம் எட்டியே பார்க்கவில்லை. மெட்ராஸ் ஐ, உனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்றான். எதையோ மறைக்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என்ன என்றுதான் தெரியவில்லை.

மறுவாரம் ஶ்ரீரங்கம் பஸ்ஸில் போகும்போது கேட்டே விட்டேன். காவிரிப் பாலத்தில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது.

"வரப்புக்காரனுக்காடா இது?"

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். தலையை முழுசாகத் திருப்பித்தான் பார்த்தான்.

"அவன் மேல கோவம் இருக்குக்கா. குறி பார்க்கற அளவுக்கெல்லாம் இல்ல."

நம்பவில்லை. ராஜகோபுரத்துக்கு எதிரே இறங்கி நடந்தபோது, வலப்பக்கம் துளசிமாலைக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் மேல் இடித்துக்கொண்டான். அந்த அம்மாள் நாலு வார்த்தை கேட்டாள். கொலைத் திட்டத்தோடு போகிறவனுக்குக் கால் எங்கே நிலத்தில் பாவும் என்று நான் எனக்குள் பொருமிக்கொண்டே போனேன்.

உத்திர வீதியில் வீடு. நெற்றியில் பளிச்சென்று திருமண்ணோடு பெரியவர் வந்து கதவைத் திறந்தார். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாங்கோ, உட்காருங்கோ என்று உபசரித்தார். பெருமாள் சேவிக்கிற வீட்டில் ரைபிள் எப்படி என்று நான் கேட்பதற்கு முன்பே அவரே சொன்னார். அவருடைய அப்பா மலையில் காபி எஸ்டேட் மேனேஜராக இருந்தவராம். எஸ்டேட்டில் காவலுக்கு வைத்திருந்தது, அப்பா போன பிறகு இவர் பேருக்கு மாற்றிக்கொண்டாராம்.

"ஒரு தடவைகூட நான் சுட்டதில்லைம்மா. எலெக்‌ஷன் வந்துடுத்துன்னா இதை வேஷ்டியில சுத்திண்டு ஆட்டோவுல போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் ஒப்படைக்கணும். முடிஞ்சதும் திருப்பி எடுத்துண்டு வரணும். இத்தனை வருஷமா இதான் கைங்கர்யம். இனிமே முடியலை."

நன்றாகத்தான் பேசுகிறார். நன்றாகப் பேசுகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். லைசென்ஸ் புத்தகத்தை வாங்கி, புதுப்பித்த சீல்களை ஒவ்வொரு பக்கமாகத் தடவிப் பார்த்தேன். அவர் பீரோவிலிருந்து ரைபிளை எடுத்து, உள்ளே குண்டு இல்லை என்று வளையத்தை இறக்கித் திறந்து காட்டிவிட்டு மேஜையில் வைத்தார். உண்மையாகவே குட்டைதான். என் கை நீளத்துக்குக் கொஞ்சம் கூட. கட்டை மினுமினுவென்று இருந்தது. பாலீஷ் போட்டு எதை மறைத்திருக்கிறார் என்று பார்த்தேன்; ஒன்றும் இல்லை. குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன், துரு இல்லை. கைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்தேன். பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஆச்சரியமாகப் பார்த்தார்.

நம்பர் மேல் தேய்த்தேன். துடைத்தேன். ஐந்து எண்கள். எல்லாம் ஒரே ஆழம், ஒரே வரிசை, ஓரம் எல்லாம் ஒரே மாதிரி மழுங்கி இருந்தது. புத்தகத்தில் இருந்ததும் அதே நம்பர். முப்பது வருஷத்தில் இவ்வளவு சுத்தமான பொருள் ஒன்று என் மேஜைக்கு வந்ததில்லை. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது என்றால் நம்புவீர்களா?

"தோள்ல வெச்சுப் பாருங்கோ" என்று பெரியவர் தம்பியிடம் கொடுத்தார்.

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பி, ரைபிளைத் தூக்கினான். இடது தோளில் வைத்தான். இடது கன்னத்தைக் கட்டையில் சாய்த்தான். சடக் சடக்கென்று வளையத்தை இறக்கி ஏற்றினான். கடையில் திணறிய கை இங்கே வெண்ணெய் மாதிரி வேலை செய்தது.

என் தம்பி சோற்றுக் கைக்காரன். சின்ன வயதில் கவட்டையால் ஓணான் அடிப்பான். இடது கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, நாக்கை ஓரமாக நீட்டி, வலது கண்ணால்தான் குறி பார்ப்பான். அந்த மூஞ்சி எனக்கு மனப்பாடம். அவன் இப்போது இடது கண்ணால் குறி பார்க்கிறான். வலது கண் மூடவில்லை. அது பாட்டுக்குத் திறந்திருக்கிறது, பழைய மாதிரியே கறுப்பாக, அழகாக.

நான் அவனுக்கு வலப்பக்கம் நின்றிருந்தேன். கையில் சாக்பீஸ் இருந்தது. அவன் காதோரமாக அதைக் கொண்டுபோய், கண்ணுக்குப் பக்கத்தில் வெடுக்கென்று ஆட்டினேன். ஈ வந்தாலே இமை அடித்துக்கொள்ளும். இமைக்கவில்லை. இன்னும் கிட்டே கொண்டுபோனேன். அவன் பாட்டுக்கு ஜன்னலுக்கு வெளியே எதையோ குறி பார்த்துக்கொண்டிருந்தான்.

கட்டை கன்னத்தில் இடித்தது, வலப்பக்கக் கைப்பிடிக்குத் திணறியது, பஸ்ஸில் வந்தது, துளசிக்கூடையில் இடித்தது எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பங்காளியாவது வரப்பாவது. இருட்டில் ஒற்றைக் கண்ணோடு, வலப்பக்கம் யார் வருகிறார்கள் என்றே தெரியாமல், தூரம் போகிற குண்டை வைத்துக்கொண்டு இவன் பரணில் உட்காரப் போகிறான்.

"சார், இது வேண்டாம்" என்றேன். "மூணாவது எண்ணு அழிச்சு அடிச்சிருக்கு."

சொன்னது நான்தான். வாழ்க்கையில் தப்பான ஒன்றை நான் சரி என்று விட்டதில்லை. சரியான ஒன்றைத் தப்பு என்று தள்ளியதும் இல்லை. அன்றைக்குத் தள்ளினேன்.

பெரியவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு முகம் சிவந்தது. "எங்கப்பா கையிலேர்ந்து நேரா என் கைக்கு வந்ததும்மா. நடுவுல யாரும் தொட்டதில்லை. அழிச்சு அடிச்சேன்னா சொல்றேள்?" என்றார். குரல் உடைந்தது. நான் தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவருடைய ரைபிளில் சாக்பீஸ் தூளைக்கூடத் துடைக்கவில்லை.

தெருமுனையில் காபிக் கடையில் உட்கார்ந்தோம். காபி வந்தது. அவன்தான் ஆரம்பித்தான்.

"நம்பர் சரியாத்தானக்கா இருந்துச்சு?"

"சரியாத்தான் இருந்துச்சு. உன் வலது கண்ணுக்கு என்னடா?"

அவன் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். சுகர். எனக்குத் தெரிந்த சுகர்தான். மாத்திரை சாப்பிடுகிறேன் என்று என்னை ஏமாற்றிக்கொண்டிருந்த சுகர். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் வலது கண்ணில் கறுப்பு நூல் மாதிரி மிதந்திருக்கிறது. அப்புறம் திரை போட்ட மாதிரி ஆகியிருக்கிறது. துறையூரில் ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறான். உள்ளே ரத்தம் கசிகிறது, உடனே பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், விட்டால் அடுத்த கண்ணுக்கும் வரும் என்று அவர் சொல்லியிருக்கிறார். இவன் கிழங்கு பிடுங்கி முடியட்டும் என்று இருந்திருக்கிறான். அப்புறம் லைசென்ஸ் வரட்டும் என்று இருந்திருக்கிறான். கண் ஆஸ்பத்திரிச் சீட்டு கையில் இருந்தால் சர்டிபிகேட் கிடைக்காது என்று பயம்.

"சர்டிபிகேட்டுக்கு எப்படிடா படிச்ச? ரெண்டு கண்ணும் பார்த்தாங்களே?"

"ஒரு கண்ணை மூடச் சொன்னாங்க. வலது கையால வலது கண்ணை மூடிட்டுப் படிச்சேன். அடுத்த கண்ணைன்னாங்க. இடது கையை எடுத்து, மூக்கைத் தாண்டி, அதே கண்ணை மூடினேன். கையைத்தான் மாத்தினேன்கா. கண்ணை மாத்தல." டம்ளரைக் கீழே வைத்தான். "நீ பக்கத்துலதான உட்கார்ந்திருந்த."

அங்கேயே அவனை ஓங்கி ஓர் அறை விடலாம் போல வந்தது. அவனையா, என்னையா என்று தெரியவில்லை. கையே நீட்டாத ஒரு கிளார்க்கை அரை மணி நேரம் முறைத்துக்கொண்டிருந்தேன். கடைக்காரரின் தேதியைப் பார்த்தேன், பெரியவரின் சீலைத் தடவினேன், பங்காளியை மனதுக்குள் சாகடித்துக்கூட வைத்திருந்தேன். கூடப் பிறந்தவனின் முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கவில்லை. என்ன இன்ஸ்பெக்டர் நான், தூ!

லைசென்ஸைத் திருப்பி எழுதிக் கொடுத்துவிடு என்றேன். கொடுத்துவிட்டால் பன்றியை என்ன செய்வது என்றான். பன்றி தின்றுவிட்டுப் போகட்டும், மூன்று ஏக்கரையும் தின்னட்டும், நாளைக்குக் காலையில் நீ என்னோடு கண் ஆஸ்பத்திரிக்கு வருகிறாய் என்றேன். குரல் கொஞ்சம் பலமாகிவிட்டது போலிருக்கிறது, காபி ஆற்றுகிறவர் திரும்பிப் பார்த்தார். தம்பி தலையை ஆட்டினான். பிறகு, "இன்னொண்ணும் போயிடுமாக்கா?" என்று கேட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் கடைக்காரரிடம் நம்பர் வாங்கி ஶ்ரீரங்கத்துக்குப் போன் செய்தேன். எண்ணில் ஒரு கோளாறும் இல்லை, நான் பொய் சொன்னேன், காரணம் இது என்று எல்லாவற்றையும் சொன்னேன். பெரியவர் முழுசாகக் கேட்டுக்கொண்டார். மன்னித்துவிடுவார் என்று நினைத்தேன். "இதை அப்பவே என்னைத் தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமேம்மா. நான் என்ன, வித்தே தீருவேன்னா அடம் பிடிச்சிருப்பேன்?" என்றார். அவரிடம் உண்மையைச் சொல்லலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை. அவரும் ஏதோ மறைக்கிறார் என்றுதான் உள்ளே நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கச் சொல்லுங்கோ என்று சொல்லிப் போனை வைத்தார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் எங்கள் முறை வர மணி பதினொன்று ஆனது. சின்ன அறை. விளக்கு எரிகிற பலகையில் எழுத்துகள். அந்தப் பெண் டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ஒரு கண்ணை மூடிக்கோங்க ஐயா என்றார். தம்பி பழக்கத்தில் கையைத் தூக்கினான். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டு எழுந்து அவன் பின்னால் போய் நின்றேன். அவனுடைய இடது கண்ணை என் உள்ளங்கையால் பொத்தினேன். டாக்டர் என்னைப் பார்த்தார். உள்ளங்கையில் அவன் இமை அடித்துக்கொள்வது தெரிந்தது.

படிங்க என்றார் டாக்டர்.

தம்பி தலையை இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பினான். அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பினான். பிறகு கையைத் தூக்கி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, சின்னக் குரலில் கேட்டான்.

"போர்டு எந்தப் பக்கம்க்கா இருக்கு?"